ஆற்றை விட்டு விலகாத பாதை வேண்டும்: ஆற்றங்கரை நெடும்பாதை அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆற்றங்கரை வழியாக மலையை நோக்கிச் செல்லும் நெடுந்தூர நடைபாதைகளைத் திட்டமிடுகிற, அமைக்கிற, பராமரிக்கிற அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கழிமுகத்திலோ சமவெளியிலோ தொடங்கி, ஓர் ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டே பல நாள் நடந்து, அந்த ஆறு பிறக்கும் மலைக்குப் போய்ச் சேரும் பாதைகளில் நெடுங்காலமாக நடந்து வருகிறவன் நான். பொறியியலோ நிலச் சட்டமோ படித்தவன் அல்லன். முதுகில் பையைச் சுமந்துகொண்டு, நீங்கள் நட்டுவைத்த கம்பங்களை நம்பி, நீங்கள் வரைந்த வழியில் காலடி காலடியாக நடந்தவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஆற்றின் பெயரைத் தாங்கிய பாதை ஆற்றோடு இருக்க வேண்டும். விலகித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில், ஏன் விலகுகிறது என்பது நடப்பவருக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் அது கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதைச் சொல்லவும் வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். வரைபடத்தில் பார்க்கும்போது நீலக் கோட்டை ஒட்டியே உங்கள் சிவப்புக் கோடு போகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு நாட்டையோ மாநிலத்தையோ ஒரே தாளில் அடக்கும் வரைபடத்தில், ஆற்றிலிருந்து 2 கி.மீ. தள்ளிப் போய்த் திரும்பும் விலகல் ஒரு மயிரிழைக்கு மேல் தெரியாது. நடப்பவருக்கோ அது ஒரு முழு முற்பகல். நீரின் ஓசை கேட்காமல், நிழல் இல்லாமல், கனரக வாகனங்கள் கிளப்பும் புழுதியில் சாலையோர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கும் முற்பகல்.

நான் நடந்த ஒரு பாதையில், நான்காம் நாள் காலையில் கண்ட காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. ஆறு பெரிதாக வளையும் ஓரிடத்தில், கரையின் விளிம்பில் ஒரு வழிகாட்டிக் கம்பம் தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நின்றது. அதன் அடி மண் பாதிக்கு மேல் அரித்துப் போயிருந்தது. கம்பத்தைத் தாங்கிய சிமெண்ட்டுக் கட்டி, பிடுங்கிய பல்லின் வேர் போல வெளியே தெரிந்தது. மஞ்சள் அம்புக்குறி மட்டும் புதுக்கருக்கு மாறாமல் நேராக ஆற்றின் நடுப்பகுதியைச் சுட்டிக்கொண்டிருந்தது. கரை இடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்று அங்கே மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் சொன்னார். மாற்று வழி பற்றி எந்தப் பலகையும் இல்லை. பாதையைப் பராமரிக்கும் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, ‘நெடுஞ்சாலையிலேயே போய்விடுங்கள், அடுத்த பாலத்தில் பாதை வந்துவிடும்’ என்று பதில் கிடைத்தது. அந்த அடுத்த பாலம் 11 கி.மீ. தொலைவில் இருந்தது. இடிந்த கரைக்காக நான் எவரையும் குறை சொல்ல மாட்டேன், ஆறு என்றால் கரையை அரிக்கத்தான் செய்யும். ஓராண்டாகியும் கரையிலிருந்து ஐம்பது அடி தள்ளி ஒரு புது ஒற்றையடித் தடத்தைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கரை எங்கே இடியும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லக்கூடிய விஷயம். ஆற்று வளைவின் வெளிப்பக்கத்தில் நீரோட்டம் வேகமாக மோதி மண்ணை அரிக்கிறது. உட்பக்கத்தில் வேகம் குறைந்து மணலைச் சேர்க்கிறது. வெளிப்பக்கக் கரை உயரமாகவும் நல்ல பார்வை தருவதாகவும் இருப்பதால், பாதை வகுப்பவர்கள் அதன் விளிம்பையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் விழுவதும் அதுவே. அத்தகைய வளைவுகளில் பாதையைத் தொடக்கத்திலேயே சற்று உள்ளே தள்ளி அமைப்பதும், பாதை உரிமைக்கான ஆவணத்தில் அதை அசையாத ஒரு கோடாக எழுதாமல், ‘கரை நகர்ந்தால் பாதையும் நகரும்’ என்று நில உரிமையாளர்களோடு முன்கூட்டியே உடன்பட்டு எழுதி வைப்பதும் நடக்கக்கூடிய காரியங்கள். பிரான்சில் அரசுக்கு உரிய ஆறுகளின் கரையோரம் 3.25 மீட்டர் அகலத்தை நடந்து செல்பவர்களுக்காக விட்டுவைக்க வேண்டிய கடமை கரையோர நில உரிமையாளர்களுக்கு உண்டு. நியூசிலாந்தில் பல ஆறுகளின் ஓரம் ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்துக்குப் பொதுநிலப் பட்டைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்குள்ளவர்கள் அதை ‘அரசியின் சங்கிலி’ என்று அழைக்கிறார்கள், நில அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம் அது என்பதால். எல்லா ஆற்றுக்கும் அங்கே அப்படி வாய்த்துவிடவில்லை, இடையிடையே விடுபட்ட பகுதிகளும் உண்டு. ஆயினும், கரை என்பது நடப்பவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் சட்டத்தில் ஏறியிருப்பதே பெரிய பலம். உங்கள் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை என்றால், ஒவ்வொரு நில உரிமையாளர் வீட்டு வாசலிலும் போய் நின்று பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. அது கடினமான வேலை என்பதை அறிவேன். ஒரே ஒரு வேலி குறுக்கே நின்றதால் 5 கி.மீ. சுற்றிப் போகும் பாதைகளைப் பார்த்தபின், அந்தப் பேச்சு நடந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியும் இருக்கிறேன்.

இந்த நெருக்கத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆறு தான் சுமந்து வரும் சரக்கைத் தரம் பிரித்தபடியே கீழே இறங்குகிறது: பெரும் பாறைகளை மலையிலேயே விட்டுவிடுகிறது, உருண்டைக் கற்களை அடிவாரத்தில் இறக்குகிறது, கூழாங்கற்களை அதற்குக் கீழே, மணலை இன்னும் கீழே, வண்டலைக் கடைசியில். மலையை நோக்கி நடப்பவர் இந்தக் கணக்கைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துக்கொண்டு போகிறார். முதல் நாள் மாலை கரையில் உட்கார்ந்து கையில் அள்ளியது விரலிடுக்கில் வழிந்தது. சில நாள் கழித்து, அதேபோல் உட்கார்ந்து எடுத்தபோது உள்ளங்கையில் புறா முட்டை அளவில் ஒரு வெண்கல் இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. பின்னும் சில நாள் சென்று, அதே சாம்பல் கோடு ஓடும் வெண்பாறை ஆள் உயரத்தில் நடு ஆற்றில் நின்றது. அந்தக் கூழாங்கல் எங்கிருந்து புறப்பட்டிருக்கும் என்பதை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீரின் நிறமும் குளிர்ச்சியும் ஓசையும் இவ்வாறே படிப்படியாக மாறுகின்றன. பாதை கரையை விட்டுத் தார்ச்சாலைக்குப் போய் அரைநாள் கழித்துத் திரும்பினால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. மணலோடு விட்டுவந்த ஆற்றைப் பாறையோடு சந்திக்கிறோம், நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே.

ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நடப்பவர்களை மனத்தில் வைத்து உங்கள் வழிகாட்டிகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டுகிறேன். பல பாதைகளில் அம்புக்குறி கம்பத்தின் ஒரு முகத்தில் மட்டும் இருக்கிறது, அதுவும் மலையிலிருந்து இறங்கி வருபவரின் கண்ணுக்குத்தான் படுகிறது. இறங்கி வருபவருக்கு ஆறு வழி சொல்லிவிடும். எந்த ஓடையைப் பிடித்து வந்தாலும் அது முதன்மை ஆற்றில் கொண்டு சேர்க்கும். ஏறிப் போகிறவருக்கு ஒவ்வொரு கூடல்துறையிலும் ஒரு கேள்வி எழுகிறது: இரண்டில் எது என் ஆறு? மழைக்காலத்தில் துணையாறு முதன்மை ஆற்றைவிட அகலமாகவே தோன்றக்கூடும். ஒருமுறை மூடுபனியில் நானே தவறான கிளையைப் பிடித்து இரண்டு மணி நேரம் நடந்து திரும்பியிருக்கிறேன். எனவே கம்பம் மிக அவசியமாகத் தேவைப்படும் இடம் கூடல்துறை. தமிழில் ஆறு என்ற சொல்லுக்கு வழி என்ற பொருளும் உண்டு. முன்னே போய் வந்தவர், பின்னே போகிறவருக்கு இடரும் தங்குமிடமும் இன்னின்னவை என்று எடுத்துச் சொல்லி அனுப்புவதை ஆற்றுப்படுத்துதல் என்றார்கள். உங்கள் பலகைகள் செய்ய வேண்டிய வேலை அதுதான். அடுத்து நீர் கிடைப்பது எங்கே, அடுத்த பாலம் எவ்வளவு தொலைவு, எந்த ஓடையை எந்த நிலையில் கடக்கக் கூடாது என்பவை எழுதப்பட்ட ஒரு பலகை, திறப்புவிழாக் கல்வெட்டுகள் பத்தைவிட மேலானது.

ஓடைகளைக் கடப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உயிர் போவது பெரும்பாலும் அங்கேதான். நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலின் மேல் தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே முழங்கால் அளவு நீர்தானே என்று ஆழத்தை மட்டும் பார்த்து இறங்குவது ஆபத்து. பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகள் விடியற்காலையில் தாழ்ந்தும், பிற்பகலிலும் மாலையிலும் வெயிலால் பனி உருகிப் பெருகியும் ஓடுகின்றன. காலையில் கடந்தவர் நல்ல பாதை என்று சொல்வார், மாலையில் வந்தவருக்கு அது பாதையே இல்லை. நியூசிலாந்தின் தெ அராரோவா நெடும்பாதை நாட்டின் வடமுனையிலிருந்து தென்முனை வரை ஏறத்தாழ 3,000 கி.மீ. செல்கிறது. 2011இல் அது திறக்கப்பட்டபோதும், அதன் பின்னரும், வழியில் குறுக்கிடும் ராகாயா, ரங்கிடாட்டா என்ற இரு பேராறுகளைப் பாதையின் பகுதியாகவே அதை நடத்தும் அமைப்பு சேர்க்கவில்லை. நடப்பவர்கள் அவற்றைச் சுற்றி வாகனத்தில் மறுகரைக்குப் போய்த் தொடர வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. இதை நான் குறையாகக் கருதவில்லை. பாதை விட்டுப்போகும் இடத்தை மறைக்காமல் சொல்வதும் நடப்பவருக்குச் செய்யும் மரியாதை. மேலே நீர்மின் அணை உள்ள ஆறுகளில் மழையே இல்லாத நாளிலும் நீர் திடீரென உயரும். அணையில் நீர் திறக்கும் நேரங்களைக் கேட்டறிந்து கரையில் எழுதிவைப்பதும், ஒலி எச்சரிக்கை இருந்தால் அதற்குப் பொருள் என்ன என்று விளக்குவதும் உங்கள் கடமை.

பாலங்களைப் பற்றி நினைக்கும்போது இங்கிலாந்தின் தேம்ஸ் பாதை நினைவுக்கு வருகிறது. படகுகளை இழுத்துச் சென்ற குதிரைகளுக்காக அமைந்த அதன் பழைய கரைவழி, பல இடங்களில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறியது. மாறும் இடங்களில் தோணித்துறைகள் இருந்தன. தோணிகள் நின்றுபோனதும் வழி துண்டு துண்டானது. தேம்ஸ் பாதையை முழுமையாக்கும் முயற்சியில், பழைய தோணித்துறை இருந்த டெம்பிள் என்ற இடத்தில் 1989இல் நடப்பவர்களுக்கென்றே ஒரு மரப்பாலம் கட்டினார்கள். 1996இல் தேசிய நெடும்பாதையாகத் திறக்கப்பட்டு ஏறத்தாழ 296 கி.மீ. நீளும் அந்தப் பாதையிலும், தோணி இல்லாத குறையால் இன்றைக்கும் ஆற்றை விட்டுச் சுற்றிப் போக வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு சிறு நடைபாலம் எத்தனை கி.மீ. சாலை நடையை மிச்சப்படுத்தும் என்று கணக்கிட்டுப் பார்த்து, நிதி கேட்கும் கோப்பில் அந்தக் கணக்கை முதல் பக்கத்தில் வையுங்கள்.

மலைக்குள் நுழைந்த பிறகு சிக்கல் வேறு விதமானது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் சாலை போகக்கூடிய இடமும் கால்வழி போகக்கூடிய இடமும் பெரும்பாலும் ஒன்றே. நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதை மார்ஸியாங்டி ஆற்றை ஒட்டி ஏறி, 5,416 மீட்டர் உயரத்தில் உள்ள தொரோங் கணவாயைக் கடந்து, காளி கண்டகி பள்ளத்தாக்கில் இறங்குகிறது. இரண்டு பள்ளத்தாக்குகளிலும் வாகனச் சாலை வந்து பழைய நடைவழியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அங்கே வாழ்பவர்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போக அந்தச் சாலை வேண்டும். சில நாள் நடந்துவிட்டுப் போகும் என்னைப் போன்றவர்கள் அதைத் தடுக்க நினைப்பது அறமாகாது. ஆனால் அங்கே பாதையைப் பேணுபவர்கள் கைகட்டி நிற்கவில்லை. சாலை ஒரு கரையில் போனால் எதிர்க்கரையிலும், அதுவும் முடியாவிட்டால் மேலே சரிவிலும் இருந்த பழைய ஊர்வழிகளைத் தேடி இணைத்து, நிறக்குறிகள் இட்டு, சாலையைத் தவிர்க்கும் மாற்றுப் பாதைகளைத் திறந்தார்கள். நான் கேட்பதும் இந்த அளவு அக்கறையைத்தான்.

நீர்த்தேக்கங்கள் இன்னொரு வகை விலகலை உண்டாக்குகின்றன. அமர்கண்டக்கில் பிறந்து 1,312 கி.மீ. ஓடும் நர்மதையை முழுவதும் வலம் வருவோர், ஆற்றை எப்போதும் தம் வலப்பக்கத்தில் வைத்து, எங்கும் குறுக்கே கடக்காமல், ஒரு கரையில் கடல் வரை போய் மறுகரையில் திரும்புகிறார்கள். பெரிய அணைகள் எழுந்தபின், அவர்கள் நடந்த கரைவழியில் நீண்ட பகுதிகள் நீருக்கடியில் போய்விட்டன. வலம் வருவோர் நீர்விளிம்பை விட்டு வெகுதூரம் விலகிச் சுற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்று இல்லை. உங்கள் பாதையிலும் அப்படி ஓர் இடம் இருந்தால், நீருக்கடியில் பழைய ஆறு எந்தப் பக்கம் வளைந்து போயிற்று, எந்தெந்த ஊர்கள் அங்கே இருந்தன என்பதையாவது கரையில் ஒரு படமாக வரைந்து வையுங்கள். அந்த ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கும் அது வேண்டும்.

தங்குமிடங்களுக்கு ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றை ஒட்டி வாஷிங்டனிலிருந்து ஆப்பலாச்சிய மலைகளுக்குள் உள்ள கம்பர்லாந்து வரை 297 கி.மீ. செல்லும் செசபீக்–ஒகையோ கால்வாய்ப் பாதையில், நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் சில மைல்களுக்கு ஒன்றாகக் கூடாரத் திடல்கள் இருக்கின்றன. ஒரு கைப்பம்பு, ஒரு கழிவறை, ஒரு மேசை, அவ்வளவே. ஆற்று நீர் தெளிவாக இருப்பதாலேயே அது குடிக்கத் தக்கது ஆகிவிடாது என்பதால் இத்தகைய ஏற்பாடு பெரிய உதவி. 3,000 மீட்டருக்கு மேல் செல்லும் பாதை என்றால், தங்குமிடங்களை எங்கே வைப்பது என்பதில் இன்னொரு கவனமும் வேண்டும். ஆற்றோர ஏற்றம் மெதுவாக இருப்பதால் உயரம் கூடுவது காலுக்குத் தெரிவதில்லை. ஒரே நாளில் மிக உயரத்துக்குப் போய்விடுவது எளிது. அந்த உயரத்துக்கு மேல் இரவு தங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயராமலும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் கிடைக்கும்படியும் இருக்க வேண்டும் என்பது வேகமாக உயரம் ஏறுவதால் வரும் மலைநோய் பற்றிய மருத்துவ வழிகாட்டல். திடல்களின் இடைவெளியை இதற்கேற்ப அமைத்தால், அந்த வழிகாட்டலைப் படிக்காதவரும் பாதுகாப்பாகப் போய்ச் சேர்வார்.

ஆற்றின் பிறப்பிடத்தில் எதையும் கட்டாதீர்கள் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தேம்ஸ் பிறப்பதாகக் கருதப்படும் இடத்தில் ஒரு மரத்தடியில் ஒரு கல் நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே நீர்கூட இருப்பதில்லை. அதுவே போதுமானதாக இருக்கிறது. கங்கோத்ரியிலிருந்து பனியாற்றின் முகப்பான கோமுகத்துக்குச் செல்லும் பாதையில் நாளொன்றுக்கு 150 பேர் என்ற வரம்பு வைத்திருப்பது போல, தாங்கும் அளவை அறிந்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் நடப்பவர்கள் வருந்த மாட்டார்கள். இத்தனை நாள் நடந்து வந்தவருக்கு அங்கே வேண்டியது நீர் கசியும் ஓர் ஈரப் பாறையும் சற்று அமைதியும்தான்.

மேலே சொன்ன கால்வாய்ப் பாதை பிழைத்த கதையைச் சொல்லி, என் வேண்டுகோளை வைக்கிறேன். அந்தக் கரையில் வாகனச் சாலை அமைக்கும் திட்டத்தை ஆதரித்து, 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதியது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் அந்த நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதி, தலையங்கத்தை எழுதியவர் தம்மோடு அந்த வழி முழுவதும் நடந்து பார்க்க வேண்டும் என்று அழைத்தார். மார்ச் மாதத்தில் கம்பர்லாந்திலிருந்து 58 பேர் புறப்பட்டார்கள். எட்டு நாளில் வாஷிங்டன் வரை ஓரடியும் விடாமல் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலை வரவில்லை, 1971இல் அந்தக் கால்வாயும் கரையும் தேசிய வரலாற்றுப் பூங்காவாயின.

உங்கள் அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதப்படும் முன், உங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் மூன்று நாளாவது பாதையில் நடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒரு நாள் சமவெளியில், ஒரு நாள் அடிவாரத்தில், ஒரு நாள் பள்ளத்தாக்கில். கீழிருந்து மேலாக, மழைக்காலம் முடிந்த உடனே, வாகனம் பின்தொடராமல், உங்கள் சொந்தக் கம்பங்களை மட்டும் நம்பி நடங்கள். சாய்ந்த கம்பங்கள், ஒரு முகம் மட்டும் எழுதப்பட்ட பலகைகள், குறியே இல்லாத கூடல்துறைகள், பாதை சாலைக்கு ஏறுகிற இடங்கள் ஆகியவற்றை நான் நடந்த ஒவ்வொரு பாதையிலும் நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். கேட்கும் அமைப்புக்கு அந்தக் குறிப்பேட்டின் படியை அனுப்பி வைக்கிறேன். அழைத்தால் உடன் நடக்கவும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பாதைகளில் நடக்கும் ஒருவன்